ரிவ்யூ பாம்பிங்குக்குப் பயந்து கடையை மாற்றலாமா? ஸ்டீம், எபிக், ஜிஓஜி, சொந்தத் தளம்: ஓர் ஒப்பீடு

மெட்ரோ எக்ஸோடஸ் என்ற கேம் 2019 பிப்ரவரி 15 அன்று வெளியாக இருந்தது. பிசி கேம்களை இணையத்தில் விற்கும் கடையான ஸ்டீமில் மாதக்கணக்காக முன்பதிவு ஓடிக்கொண்டிருந்தது. ஜனவரி 28 அன்று, வெளியீட்டுக்கு இன்னும் 18 நாளே இருக்கும்போது, அதன் வெளியீட்டாளரான டீப் சில்வர் ஓர் அறிவிப்பு விட்டது: பிசியில் இனி போட்டிக் கடையான எபிக் கேம்ஸ் ஸ்டோரில் மட்டும்தான் விற்பனை, ஸ்டீமுக்கு ஒரு வருடம் கழித்துத்தான் வரும். முன்பதிவு செய்தவர்களுக்கு ஸ்டீமிலேயே கேம் கிடைக்கும் என்று சொன்னார்கள். அமெரிக்காவில் விலையையும் பத்து டாலர் குறைத்தார்கள். கோபம் தணியவில்லை. எபிக்கில் அப்போது ரிவ்யூ எழுத இடமே கிடையாது, எக்ஸோடஸ் இன்னும் வெளியாகாததால் அதன் ஸ்டீம் பக்கத்திலும் எழுத முடியாது. அதனால் அதே தொடரின் பழைய கேம்களான மெட்ரோ 2033 ரீடக்ஸ், மெட்ரோ லாஸ்ட் லைட் ரீடக்ஸ் ஆகியவற்றின் பக்கங்களில் போய் எதிர்மறை ரிவ்யூக்களைக் கொட்டினார்கள். வருடக்கணக்கில் நல்ல பெயரோடு விற்றுக்கொண்டிருந்த கேம்கள் அவை. இப்படிக் கூட்டமாக வந்து கோபத்தை ரிவ்யூவாகக் கொட்டுவதைத்தான் ரிவ்யூ பாம்பிங் என்கிறார்கள்.

இதில் நான் முக்கியமாகப் பார்ப்பது, அந்தக் கோபத்துக்கும் கேமின் தரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை. கேமை யாரும் இன்னும் விளையாடவே இல்லை. எந்தக் கடையில் விற்கிறார்கள் என்பதுதான் ஒரே பிரச்சினை. சிறு குழுவாகவோ தனியாகவோ பிசி கேம் செய்கிறவர்கள் "ஸ்டீம் ரிவ்யூதானே தலைவலி, ரிவ்யூ இல்லாத கடைக்குப் போய்விடலாமே" என்று யோசிப்பது எனக்குப் புரிகிறது. இரண்டு மூன்று வருட உழைப்பு ஒரே வார இறுதியில், பிடிக்கவில்லை என்று காட்டும் சிவப்புக் கட்டைவிரல்களுக்கு நடுவில் புதைந்து போகும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் நடந்த சம்பவங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கு வேறு ஒரு முடிவுதான் தெரிகிறது: கடையை மாற்றுவது ரிவ்யூ பாம்பிங்கிலிருந்து காப்பாற்றாது, பல நேரம் அந்த மாற்றமேதான் அதைக் கிளப்பிவிடுகிறது. ஆகவே கடையைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது "எங்கே ரிவ்யூ இல்லை" என்பதை அல்ல. எங்கே அடி விழுந்தால் எழுந்து வர வழி இருக்கிறது, எங்கே யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்பதைத்தான்.

ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்வோம். எதிர்மறை ரிவ்யூ நிறைய வந்தாலே அது பாம்பிங் ஆகிவிடாது. 2025 செப்டம்பர் 4 அன்று ஹாலோ நைட்: சில்க்சாங் வெளியானபோது எளிய சீன மொழி ரிவ்யூக்கள் மட்டும் மோசமாக இருந்தன, காரணம் அந்த மொழிபெயர்ப்பு. அது காசு கொடுத்து வாங்கியவர்களின் நேர்மையான புகார், அதற்கு மருந்து மொழிபெயர்ப்பைத் திருத்துவது. 2017 செப்டம்பரில் ஃபயர்வாட்ச் கேமுக்கு நடந்தது வேறு. பியூடிபை என்ற பிரபல யூடியூபர் ஒரு நேரலையில் இனவெறிச் சொல்லைப் பயன்படுத்தியதால், அவருடைய ஃபயர்வாட்ச் வீடியோவின் மீது அதைச் செய்த கேம்போ சாண்டோ நிறுவனம் காப்புரிமைப் புகார் கொடுத்தது. அதற்குப் பழிவாங்க அவருடைய ரசிகர்கள் கேமின் பக்கத்துக்கு வந்தார்கள். முதல் வகைக்குப் பயந்து கடை மாறுகிற டெவலப்பர் தன் வாடிக்கையாளரிடமிருந்தே ஓடுகிறார். இரண்டாவது வகைக்குப் பயப்படுகிறவரைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன்.

ஸ்டீம்: அடியும் இங்கேதான், மருந்தும் இங்கேதான்

ஸ்டீம் எடுத்துக்கொள்ளும் பங்கு 30%. ஒரு கேம் ஒரு கோடி டாலர் வருமானத்தைத் தாண்டினால் அதற்கு மேல் வருவதில் 25%, ஐந்து கோடியைத் தாண்டினால் 20% என்று 2018 கடைசியில் மாற்றினார்கள். சிறு டெவலப்பருக்கு இந்தச் சலுகையால் ஒரு பயனும் இல்லை, அவருக்கு 30%தான். ஒரு கேமைப் பதிவு செய்ய 100 டாலர். வருடத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் புதுக் கேம்கள் வரும் இடம் அது. அந்தக் கூட்டத்தில் "மிக்க நேர்மறை" என்ற நீல எழுத்து கேமின் பெயருக்குக் கீழே இருப்பதற்கும் "கலவையானது" என்ற பழுப்பு எழுத்து இருப்பதற்கும் உள்ள வித்தியாசம், வாங்குகிறவர் பக்கத்தை மேலும் படிப்பாரா மூடுவாரா என்பது. நேர்மறை 70 சதவீதத்துக்குக் கீழே போனால் "கலவையானது". ரிவ்யூ எண்ணிக்கை நூறு இருநூறு மட்டுமே இருக்கிற கேமை அந்த நிலைக்குத் தள்ள பெரிய படை எதுவும் தேவையில்லை, சில டஜன் பேர் போதும்.

அதனால் பயம் பொய்யில்லை. ஆனால் ஸ்டீமை 2015 ஸ்டீம் என்று நினைத்துக்கொண்டு முடிவெடுப்பது தவறு. தன் ஸ்டீம் கணக்கில் கேம் இருப்பவர் மட்டுமே ரிவ்யூ எழுத முடியும். 2016லிருந்து சமீபத்திய ரிவ்யூக்களையும் மொத்த ரிவ்யூக்களையும் தனித்தனியாகக் காட்டுகிறார்கள். ஃபயர்வாட்ச் விவகாரத்துக்குப் பிறகு, எந்த நாளில் எத்தனை ரிவ்யூ வந்தது என்று காட்டும் வரைபடம் சேர்ந்தது. 2019 மார்ச்சில்தான் பெரிய மாற்றம்: திடீரென்று வழக்கத்துக்கு மாறாக ரிவ்யூக்கள் குவிந்தால் கணினியே அதைக் கண்டுபிடித்து, ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் ஊழியர்களிடம் அனுப்பும். கேமுக்குச் சம்பந்தமில்லாத காரணம் என்று அவர்கள் முடிவு செய்தால் அந்தக் காலகட்டத்தின் ரிவ்யூக்கள் மொத்த மதிப்பெண்ணில் சேராது. ரிவ்யூக்களை அழிக்க மாட்டார்கள், விரும்புகிறவர் அவற்றையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த மாதமே அது வேலைக்கு வந்தது. பார்டர்லேண்ட்ஸ் 3 எபிக்குக்கு மட்டும் போகிறது என்று 2019 ஏப்ரல் 3 அன்று அறிவித்தவுடன் பழைய பார்டர்லேண்ட்ஸ் கேம்களின் மேல் விழுந்த ரிவ்யூக்களை வால்வ் சம்பந்தமில்லாதவை என்று ஒதுக்கிவைத்தது. போட்டிக் கடைக்குப் போன வெளியீட்டாளரின் பழைய கேம்களை ஸ்டீமே காப்பாற்றியது என்பதை யோசித்துப் பாருங்கள்.

2025 ஆகஸ்டில் இன்னொன்றும் வந்தது. போதுமான ரிவ்யூ உள்ள கேம்களுக்கு மொழிவாரியாக மதிப்பெண் கணக்கிடத் தொடங்கினார்கள். ஒரு மொழிக்காரர்கள் ஒரு காரணத்துக்காகக் கோபப்பட்டால் மற்ற மொழியில் படிக்கிறவருக்கு அந்தச் சிவப்பு தெரியாது. சீன வாடிக்கையாளர்கள் பெரிய அளவில் இருக்கிற கேமுக்கு இது எவ்வளவு முக்கியம் என்பதை ரெட் கேண்டில் கதையில் பார்ப்போம்.

குறைகளும் இருக்கின்றன. எது சம்பந்தமில்லாதது என்று முடிவெடுப்பது வால்வ்தான், டெவலப்பர் கையில் ஒன்றுமில்லை. ரிவ்யூவுக்குப் பதில் எழுதலாம், விதிமீறல் என்று புகார் கொடுக்கலாம், அவ்வளவுதான். வாங்கி, திட்டி எழுதிவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாலும் அந்த ரிவ்யூ அப்படியே நிற்கும். அப்புறம் சிறு குழுக்கள் அடிக்கடி கவனிக்காமல் விடுகிற ஒரு விதி: ஸ்டீமில் நேரடியாக வாங்கியவர்களின் ரிவ்யூ மட்டுமே மதிப்பெண்ணில் சேரும். 2016 செப்டம்பர் முதல் இப்படித்தான். கூட்டு நிதி திரட்டலில் பணம் போட்டவருக்கும் சொந்தத் தளத்தில் வாங்கியவருக்கும் ஸ்டீம் கீ (ஸ்டீமில் கேமைத் திறக்கும் குறியீடு) கொடுத்தீர்கள் என்றால் அவர்கள் எழுதும் பாராட்டு பக்கத்தில் தெரியும், கணக்கில் வராது. உங்களை முதல் நாளிலிருந்து நம்பியவர்கள்தான் அவர்கள். தாக்குதல் வரும் நாளில் அவர்களால் மதிப்பெண்ணைத் தாங்கிப் பிடிக்க முடியாது. கேமின் முதல் சில மாதங்களில் ரிவ்யூ எண்ணிக்கையை வளர்ப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால் இதனால்தான். இருபதாயிரம் ரிவ்யூ உள்ள கேமை முந்நூறு பேரால் ஒன்றும் செய்ய முடியாது.

ரிவ்யூ பாம்பிங் சில நேரம் ஜெயிக்கவும் செய்கிறது, நியாயமாகவே. 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 விளையாட பிளேஸ்டேஷன் நெட்வொர்க் கணக்கு கட்டாயம் என்று சோனி சொன்னது. அந்தச் சேவையே இல்லாத நாடுகளும் பகுதிகளும் 170க்கும் மேல். இலங்கையும் அவற்றில் ஒன்று, அங்கிருந்து காசு கொடுத்து வாங்கியவர் என்ன செய்வார்? சில நாள்களுக்குள் இரண்டு லட்சத்துக்கும் மேல் எதிர்மறை ரிவ்யூக்கள் குவிந்தன, சோனி பின்வாங்கியது. (பின்வாங்கிய பிறகும் அந்த நாடுகளில் விற்பனையை உடனே திறக்கவில்லை என்பது வேறு வருத்தம்.) கேமைச் செய்த ஆரோஹெட் ஸ்டுடியோ அந்த முடிவை எடுக்கவில்லை, ஆனால் அடி விழுந்தது அவர்கள் கேமின் மேல். இருந்தும், முடிவு மாறியதும் பலர் திரும்பி வந்து தங்கள் ரிவ்யூவை நேர்மறையாக மாற்றினார்கள். இந்தத் திரும்பி வரும் வழி ஸ்டீமில் இருக்கிறது. 2016ல் மிக மோசமாகத் தொடங்கிய நோ மேன்ஸ் ஸ்கை, வருடக்கணக்கான இலவச அப்டேட்களுக்குப் பிறகு 2024ல் மொத்த மதிப்பெண்ணிலேயே "மிக்க நேர்மறை" நிலைக்கு வந்தது. சண்டை நடந்த இடத்திலேயே சமாதானமும் பதிவாவது சின்ன விஷயமில்லை.

எபிக்: பணம் நிஜம், அமைதி நிஜமில்லை

எபிக் ஸ்டோர் 2018 டிசம்பரில் தொடங்கியதிலிருந்து 12% மட்டுமே எடுக்கிறது. 20 டாலர் கேமுக்கு ஸ்டீமில் கைக்கு வருவது 14 டாலர், எபிக்கில் 17.60 டாலர். கணக்குப் போட்டால், ஸ்டீமில் நூறு பிரதி விற்றுக் கிடைப்பது எபிக்கில் எண்பது பிரதியிலேயே கிடைத்துவிடும். 2025 ஜூனிலிருந்து ஒவ்வொரு கேமுக்கும் வருடத்தின் முதல் பத்து லட்சம் டாலருக்கு எபிக் பங்கே எடுப்பதில்லை. சிறு டெவலப்பருக்கு இது பெரிய சலுகை. சிக்கல் என்னவென்றால் அந்த எண்பது பிரதி அங்கே விற்குமா என்பது. சிறு கேம்களைத் தேடிக் கண்டுபிடித்து வாங்கும் கூட்டம் இன்னும் ஸ்டீமில்தான் இருக்கிறது.

அந்த இடைவெளியை நிரப்பத்தான், தன்னிடம் மட்டும் விற்பவர்களுக்கு எபிக் குறைந்தபட்ச வருமான உத்தரவாதம் கொடுத்தது. கண்ட்ரோல் கேமின் பிசி உரிமைக்காக எபிக் கொடுத்தது 94.9 லட்சம் யூரோ என்று அதன் வெளியீட்டாளரின் தாய் நிறுவனத்துடைய கணக்கறிக்கையிலிருந்து தெரிய வந்தது. பார்டர்லேண்ட்ஸ் 3க்கு எட்டுக் கோடி டாலர் உத்தரவாதம் என்பது எபிக்–ஆப்பிள் வழக்கின் ஆவணங்களில் வெளியானது. பெரிய வெளியீட்டாளருக்கு இது லாபக் கணக்கு. நாலு பேர் கொண்ட குழுவுக்கு அது அடுத்த இரண்டு வருடச் சம்பளம். கேம் ஓடாவிட்டாலும் வீட்டு வாடகை கட்டலாம் என்ற நிம்மதியை யாரும் இளக்காரமாகப் பேசக்கூடாது. அப்படிப் பேசுகிறவர்களில் பெரும்பாலானோர் கேம் விற்றுப் பிழைத்தவர்கள் இல்லை.

ரிவ்யூ விஷயத்தில் எபிக் எடுத்த பாதையும் சுவாரசியமானது. முதலில் பயனர் ரிவ்யூவே இல்லை, டெவலப்பர் விரும்பினால் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று பேசினார்கள். கடைசியில் 2022 ஜூனில் வந்த முறை வேறு: இரண்டு மணி நேரத்துக்கு மேல் விளையாடியவர்களில் சிலரைத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்து, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று எபிக்கே கேட்கும். யாரும் தானாக வந்து ஓட்டுப் போட முடியாது. ரிவ்யூ பாம்பிங்கைத் தடுக்க இதைவிட நல்ல பூட்டு எந்தக் கடையிலும் இல்லை, இதை மனதார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுத்தில் ரிவ்யூ கிடையாது. "மூன்றாவது கட்டத்தில் கேம் நின்றுவிடுகிறது" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். புது ஆள் வாங்கலாமா என்று யோசிக்கும்போது படிக்கவும் எதுவும் இருக்காது.

சரி, கடையில் அமைதி. வெளியே? உப்லெட்ஸ் என்ற அழகான சிறு கேமைச் செய்தது கிளம்பர்லேண்ட் என்ற மிகச் சிறிய ஸ்டுடியோ. 2019 ஆகஸ்டில் எபிக்குக்கு மட்டும் என்று அறிவித்தார்கள், கொஞ்சம் வேடிக்கையான தொனியில். அவர்களுக்கு ஸ்டீமில் அடிவாங்கப் பழைய கேம் எதுவும் இல்லை. அதனால் கூட்டம் நேராக அவர்களிடமே போனது. ஆயிரக்கணக்கில் வசவுகள், மிரட்டல்கள், அவர்கள் சொல்லாததைச் சொன்னது போலப் போலி ஸ்கிரீன்ஷாட்கள். எபிக்கே கண்டன அறிக்கை வெளியிடும் அளவுக்குப் போனது. இதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் மனசு கனக்கிறது. ரிவ்யூப் பெட்டியில் விழ வேண்டிய கோபம் அந்தப் பெட்டி இல்லாததால் மனிதர்களின் மேலேயே விழுந்தது. மதிப்பெண் இறங்குவதா, உங்கள் பெயரைத் தேடி வந்து மிரட்டுவதா என்றால் மதிப்பெண் இறங்கட்டும் என்றுதான் நான் சொல்வேன்.

அதே மாதத்தில் டார்க் என்ற கேமைச் செய்த டெவலப்பருக்கும் எபிக்கிலிருந்து அழைப்பு வந்தது. ஸ்டீமில் வெளியிடுவதாக ஏற்கெனவே அறிவித்துவிட்டேன், வாக்கை மீற முடியாது, வேண்டுமானால் இரண்டு இடத்திலும் விற்கிறேன் என்றார். இரண்டு இடத்திலும் என்பதற்கு அப்போது எபிக் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் மறுத்ததை வெளியே சொன்னதும் ரசிகர்கள் அவரைக் கொண்டாடினார்கள். ஃபீனிக்ஸ் பாயிண்ட் இதற்கு நேரெதிர்: கூட்டு நிதியில் பணம் வாங்கும்போது ஸ்டீம் அல்லது ஜிஓஜி கீ தருவதாகச் சொல்லிவிட்டு, 2019 மார்ச்சில் எபிக்குக்கு மட்டும் என்று மாறியது. கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருந்தது. மூன்றையும் பக்கத்தில் வைத்தால் தெரிகிறது, கோபத்தின் அளவு எபிக்கின் பெயரை மட்டும் பொறுத்தது இல்லை. முன்பு என்ன சொன்னீர்கள், யாரிடம் காசு வாங்கினீர்கள் என்பதையும் பொறுத்தது. உப்லெட்ஸ் விஷயம் மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்காது, அங்கே நடந்தது வெறும் கொடுமை.

ஜிஓஜி: குறிப்பிட்ட கூட்டம், குறிப்பிட்ட கோபம்

ஜிஓஜியும் 30% பக்கம்தான். டிஆர்எம் (நகலெடுப்பதைத் தடுக்கும்) பூட்டு இல்லாத கேம்களுக்காகவே அங்கே வருகிறவர்கள் உண்டு. அந்த ஒரு விஷயத்தில் கைவைத்தால் அவர்கள் மன்னிக்க மாட்டார்கள். 2021 செப்டம்பரில் ஹிட்மேன் அங்கே வந்தது, பல அம்சங்களுக்கு இணைய இணைப்பு கட்டாயம் என்ற நிபந்தனையோடு. ஒரு நட்சத்திர ரிவ்யூக்கள் குவிந்தன. ரிவ்யூ பாம்பிங்கைப் பொறுத்துக்கொள்ள மாட்டோம் என்று முதலில் சொன்ன ஜிஓஜி, அக்டோபரில் கேமையே கடையிலிருந்து எடுத்துவிட்டது. கேமை வாங்காதவர்களும் அங்கே ரிவ்யூ எழுத முடியும், வாங்கியவர்களின் ரிவ்யூவை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். உங்கள் கேம் தனியாள் விளையாடுவது, இணையம் தேவையில்லை என்றால் ஜிஓஜி நல்ல இரண்டாவது கடை. முதல் கடையாக வைக்கும் அளவுக்குச் சிறு கேமுக்கு அங்கே விற்பனை வராது என்பது என் கணிப்பு.

ரெட் கேண்டில்: எல்லாக் கதவையும் தட்டியவர்கள்

தைவானின் ரெட் கேண்டில் கேம்ஸ் 2019 பிப்ரவரி 19 அன்று ஸ்டீமில் டிவோஷன் என்ற திகில் கேமை வெளியிட்டது. விளையாடியவர்கள் கொண்டாடினார்கள். சில நாள்களில் சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாயத்துப் படத்தில் சீன அதிபர் ஷி ஜின்பிங்கை கார்ட்டூன் கரடியான வின்னி த பூவோடு சேர்த்துக் கேலி செய்யும் எழுத்து இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. சீனாவிலிருந்து எதிர்மறை ரிவ்யூக்கள் அலையாக வந்தன. மன்னிப்புக் கேட்டு, படத்தை மாற்றினார்கள். போதவில்லை. கேம் வெளியாகி ஒரு வாரத்துக்குள் அவர்களே அதை ஸ்டீமிலிருந்து எடுத்தார்கள். சீன வெளியீட்டாளரின் தொழில் உரிமமே ரத்தானது. வால்வின் ஒதுக்கிவைக்கும் விதி வந்தது அடுத்த மாதம்தான். அது முன்னாலேயே வந்திருந்தால் மதிப்பெண்ணையாவது காப்பாற்றியிருக்கலாம். ஆனால் அங்கே மதிப்பெண் மட்டும் பிரச்சினையாக இருக்கவில்லை, பின்னால் ஓர் அரசின் அழுத்தம் இருந்தது.

2020 டிசம்பர் 16 அன்று ஜிஓஜி டிவோஷனை விற்கப்போவதாக அறிவித்தது. அதே நாளில், விளையாட்டாளர்களிடமிருந்து நிறையச் செய்திகள் வந்ததால் விற்கவில்லை என்று பின்வாங்கியது. ரிவ்யூ எழுத ஒரு பக்கம்கூடத் திறக்காத கேம், கடைக்குள் நுழையும் முன்பே வெளியேற்றப்பட்டது. ரெட் கேண்டில் அதற்குமேல் யாரிடமும் கேட்கவில்லை. 2021 மார்ச்சில் சொந்தத் தளத்தில் கடை திறந்து, டிஆர்எம் இல்லாமல் டிவோஷனை விற்கத் தொடங்கியது. அடுத்த கேமான நைன் சோல்ஸுக்கு 2022ல் அதே தளத்தில் நிதி திரட்டியது. பிறகு 2024 மே மாதம் நைன் சோல்ஸை எங்கே வெளியிட்டார்கள்? ஸ்டீமில்தான். டிவோஷன் சொந்தக் கடையில், புதுக் கேம் பெரிய கடையில். இவ்வளவு பட்டவர்களும் ஸ்டீமை விட்டு ஓடவில்லை, ஆனால் ஸ்டீமை மட்டும் நம்பியும் இருக்கவில்லை. இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

சொந்தத் தளத்தின் பலம், யாராலும் உங்களை அங்கிருந்து எடுக்க முடியாது என்பது. பலவீனம், யாரும் தற்செயலாக அங்கே வந்து உங்களைக் கண்டுபிடிக்க மாட்டார்கள். பணம் வாங்கும் சேவை, வரி, பதிவிறக்கச் சுமை எல்லாம் உங்கள் தலையில். அதெல்லாம் வேண்டாம் என்றால் இட்ச் (itch.io) என்ற விற்பனைத் தளம் இருக்கிறது. எத்தனை சதவீதம் கொடுப்பது என்று டெவலப்பரே முடிவு செய்யலாம், வழக்கமான அளவு 10%. பக்கத்தில் கருத்துப் பகுதியை வேண்டுமானால் மூடிவைக்கலாம். சோதனைப் பதிப்புகளுக்கும் முதல் ரசிகர்களைச் சேர்க்கவும் அதைவிட அன்பான இடம் இல்லை, வருமானத்துக்கு அது போதாது.

கன்சோல் பற்றி ஒரு வரி போதும்: நிண்டெண்டோ கடையில் பயனர் ரிவ்யூ இல்லை, பிளேஸ்டேஷனில் நட்சத்திரம் மட்டும், அங்கே போவதை நுழைவுச் செலவும் கேமின் வகையும்தான் தீர்மானிக்கும். மொபைல் வேறு உலகம். 2017ல் ஸ்னாப்சாட் தலைவர் இந்தியாவை ஏழை நாடு என்று சொன்னதாக ஒரு செய்தி பரவியபோது, பெயர் ஒன்றுபோல இருந்ததால் ஸ்னாப்டீல் செயலிக்கும் நம் ஊர்க்காரர்கள் ஒரு நட்சத்திரம் போட்டார்கள். இலவசமாக இறக்கி ஒரு தட்டில் ஓட்டுப் போட முடிகிற இடத்தில் அப்படித்தான் நடக்கும். ஆப்பிளில் புதுப் பதிப்பு விடும்போது மதிப்பெண்ணைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் வசதி உண்டு, அதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்த்திசையில் போனவர்களையும் பார்க்க வேண்டும். பிளிசார்ட் தன் கேம்களைத் தன் சொந்த பேட்டில்.நெட் கடையிலேயே விற்றுக்கொண்டிருந்தது, அங்கே ரிவ்யூ கிடையாது. 2023 ஆகஸ்ட் 10 அன்று ஓவர்வாட்ச் 2 ஸ்டீமுக்கு வந்தது. சில நாள்களில் ஸ்டீமிலேயே மிக மோசமான மதிப்பெண் பெற்ற கேம் அதுதான். தருவதாகச் சொன்ன அம்சங்களைக் கைவிட்டதற்கான கோபம் ஒரு பக்கம். அந்த வருட ஜனவரியில் சீனப் பங்காளியான நெட்ஈஸுடன் ஒப்பந்தம் முறிந்து சீனாவில் சர்வர்கள் மூடப்பட்டதால் கேமையே இழந்த சீன ஆட்டக்காரர்கள் இன்னொரு பக்கம், எதிர்மறை ரிவ்யூக்களில் பெரும்பகுதி அவர்களுடையது. ரிவ்யூ இல்லாத கடையில் இருந்த காலமெல்லாம் அந்தக் கோபம் கரையவில்லை, சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

நீங்கள் சிறு குழு, முதல் கேம், யாரிடமும் முன்பணம் வாங்கவில்லை என்றால் என் தேர்வு ஸ்டீம், கூடவே இட்ச் அல்லது ஜிஓஜி. 30% வலிக்கும், ஆனால் அந்தப் பணத்துக்குக் கூட்டமும் கிடைக்கிறது, தாக்குதல் வந்தால் ஒதுக்கிவைக்கும் ஒரு முறையும் கிடைக்கிறது. எபிக்கிலும் சேர்த்து விற்பதில் தவறே இல்லை, ஒரே கடைக்கு மட்டும் என்ற தனியுரிமை கொடுக்காமல் பல கடையில் விற்பதற்காக யாரும் உங்களைத் திட்டியதில்லை.

உத்தரவாதப் பணம் கைக்கு வருகிறது, அது இல்லாவிட்டால் கேமே முடியாது என்ற நிலையா? வாங்குங்கள், தயங்க வேண்டாம். ஆனால் அந்தப் பேச்சு முடியும்வரை ஸ்டீம் பக்கத்தைத் திறக்காதீர்கள், விஷ்லிஸ்டில் (வாங்க விரும்புபவை பட்டியலில்) சேர்க்கச் சொல்லிக் கேட்காதீர்கள், முன்பதிவு வாங்கவே வாங்காதீர்கள். ஏற்கெனவே திறந்துவிட்டீர்கள் என்றால், தனியுரிமைக்கான தொகையோடு உங்கள் பழைய கேம்களின் மாதாந்திர ஸ்டீம் விற்பனையையும் எடுத்துவைத்து ஒப்பிடுங்கள், அடி விழப்போவது அவற்றின் மேல்தான். கூட்டு நிதி வாங்கியிருந்தால் என் கருத்தில் அந்தக் கதவு மூடிவிட்டது. பணம் கொடுத்தவர்களிடம் சொன்ன கடையிலேயே முதலில் கொடுங்கள், எவ்வளவு பெரிய தொகை வந்தாலும்.

உங்கள் கேமில் அரசியலோ மதமோ ஒரு நாட்டின் வரலாறோ இருக்கிறதா? அப்படியானால் கடை ஒப்பீட்டைவிட முக்கியமானது, வெளியீட்டு நாளுக்கு முன்பே சொந்தத் தளத்தில் வாங்கும் வழி ஒன்று தயாராக இருப்பது. ரெட் கேண்டிலுக்கு அந்த வழி கிடைக்க இரண்டு வருடம் ஆனது, அதற்குள் வேறு எந்த ஸ்டுடியோவாக இருந்தாலும் மூடியிருப்பார்கள். வாங்கியவர்களின் மின்னஞ்சலைச் சம்மதத்தோடு சேர்த்துவையுங்கள். கேமின் ஒவ்வொரு சுவர்ப்படத்தையும், விளையாட்டாக ஒட்டிய தற்காலிகப் படங்களையும், வெளி ஆள் ஒருவரைக் கொண்டு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். சீன மொழிபெயர்ப்பைச் சேர்த்தால் தரமாகச் சேருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஸ்டீமில் ஒரு காலை எழுந்து பார்க்கும்போது வரைபடம் சிவப்பாக இருந்தால், முதலில் இருபது முப்பது ரிவ்யூக்களை நிதானமாகப் படியுங்கள். கேமைப் பற்றியது என்றால் அன்றைக்கே என்ன திருத்துவீர்கள், எப்போது திருத்துவீர்கள் என்று எழுதுங்கள். கேமுக்குச் சம்பந்தமில்லாதது என்றால் வால்வுக்கு நீங்களாகவே தகவல் அனுப்புங்கள், கணினி கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தனித்தனி ரிவ்யூவுக்குக் கீழே வாக்குவாதத்தில் இறங்காதீர்கள், ஒரே ஓர் அறிவிப்பு, தெளிவாக, கிண்டல் இல்லாமல். குழுவில் யாருடைய சொந்தப் பெயரும் சமூக ஊடகக் கணக்கும் வெளியே தெரிகிறதோ அவர்களை ஒரு வாரம் அதிலிருந்து விலகியிருக்கச் சொல்லி, வரும் செய்திகளைப் படிக்கும் வேலையை வேறொருவரிடம் கொடுங்கள்.